அம்மாவின் முழங்காலுக்கு நரம்பு டொக்டரா, எலும்பு டொக்டரா?

என்னிடம் ஒரு தங்கச்சி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கட்டாரில் வேலை. அம்மா களுவாஞ்சிக்குடியில், வயது 61. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிறார். போன ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் வந்ததில் இருந்து வலது முழங்கால் நோ. இப்போது படி இறங்கவும் குந்தி எழும்பவும் கஷ்டப்படுகிறார். பக்கத்து வீட்டு மாமி, இது நரம்பு வருத்தம், நரம்பு டொக்டரைச் சனல் பண்ணுங்கள், அதாவது தனியாரில் காசு கட்டிப் பாருங்கள் என்கிறார். தம்பி எலும்பு டொக்டர்தான் என்று நிற்கிறார். பெரியம்மா எண்ணெய் போட ஒரு பரியாரியை, நாட்டு வைத்தியரை, சொல்லியிருக்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது? கொழும்புக்குக் கொண்டு போவதா?

இப்போதைக்கு மூன்று பேர் சொல்வதும் வேண்டாம் தங்கச்சி. அம்மா முதலில் போக வேண்டிய இடம் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையின் ஓபிடி, அதாவது வெளிநோயாளர் பிரிவு. அல்லது மாதா மாதம் போகும் சீனிக் கிளினிக்கிலேயே டொக்டரிடம் முழங்காலையும் காட்டலாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் அரசாங்க வைத்தியசாலைகளில் பிசியோதெரபி செய்து ஓய்வு பெற்றவன். எலும்பு டொக்டர் அனுப்பியவர்களும் என்னிடம்தான் வந்தார்கள், வாத டொக்டர் அனுப்பியவர்களும் என்னிடம்தான் வந்தார்கள். பிழையான வாசலில் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அங்கே போய் நின்றதற்குப் பெரும்பாலும் காரணம் டொக்டர் இல்லை, நாங்கள் வருத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர்.

'நரம்பு' என்ற சொல்லையே பாருங்கள். கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்து ஓடும் இரத்தக் குழாயும் எங்களுக்கு நரம்புதான். தசையை எலும்போடு கட்டும் நாணும் நரம்புதான், சுளுக்கினால் 'நரம்பு புரண்டிட்டு' என்கிறோம். மூளையில் இருந்து வரும் உண்மையான நரம்பும் நரம்புதான். நரம்பியல் நிபுணர் பார்ப்பது இந்தக் கடைசியை மட்டும். வலிப்பு, பக்கவாதம், கை கால் உணர்ச்சி கெடுவது, நடுக்கம் எல்லாம் அவருடைய வேலை. முழங்கால் மூட்டு அவருடைய வேலை இல்லை. அம்மா ஒரு முழு நாளைச் செலவழித்து அவர் முன்னால் போய் இருந்தால், பாவம், அவரும் வேறு ஒருவருக்குத் துண்டு எழுதித்தான் அனுப்புவார்.

'வாதம்' இன்னும் மோசம். கை கால் இழுத்துப் போனால் பக்கவாதம். சின்னப் பிள்ளைக்குத் தொண்டை நோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்து, இன்று முழங்கால், நாளை மணிக்கட்டு என்று வீக்கம் மாறி மாறி வந்தால் வாதக் காய்ச்சல். அது இதயத்தைத் தொடும் வருத்தம், உடனே பிள்ளை வைத்திய நிபுணரிடம் போக வேண்டும். வயதானவருக்கு மூட்டு நொந்தால் அதுவும் வாதம். இதனால் 'வாதநோய் வைத்திய நிபுணர்' என்ற பலகையைப் பார்த்து, இவர் பக்கவாதம் பார்ப்பவராக்கும் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்தான் ருமட்டோலொஜி டொக்டர். எங்கள் நாட்டில் இந்தத் துறையில் வாதநோயும் புனர்வாழ்வும் ஒன்றாகவே இருக்கின்றன. கத்தி வைக்காமல் மருந்தாலும் பயிற்சியாலும் மூட்டைப் பார்ப்பவர் அவர். எலும்பு டொக்டர், அதாவது ஓதோபீடிக் நிபுணர், சத்திரசிகிச்சை செய்பவர். முறிவு, சவ்வுக் கிழிவு, மூட்டு மாற்றுவது எல்லாம் அவருடையது. இரண்டு பேரும் முழங்காலைப் பார்ப்பவர்கள்தான், ஆனால் ஒரே முழங்காலை இல்லை.

ஆகவே பெயரை விடுங்கள். முழங்கால் எப்படி நோகிறது என்பதில் இருந்து தொடங்குவோம்.

முதலில், காத்திருக்கவே கூடாதவை. முழங்கால் திடீரென்று சூடாகிச் சிவந்து வீங்கி, கூடவே காய்ச்சலும் வந்து, காலை அசைக்கவே விடாமல் நோகிறது என்றால் எந்த நிபுணரையும் தேட வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. மூட்டுக்குள் கிருமி போயிருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழியத் தொடங்கிவிடும். சீனி வருத்தக்காரருக்கு இந்த ஆபத்து மற்றவர்களை விடக் கூட, அதனால்தான் உங்கள் அம்மாவுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஊசியால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாகத் தெரியும். அதற்கு முன்னால் எண்ணெய் பூசித் தேய்ப்பது, பத்துப் போடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். அதேபோல் முழங்காலை விட்டு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகிறது என்றால், அதுவும் நீண்ட விமானப் பயணத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ பிறகு என்றால், இரத்தம் கட்டியிருக்கலாம். அதுவும் அன்றைக்கே போக வேண்டியதுதான்.

விழுந்தோ மோதியோ வந்த நோவுக்கு வேறு கணக்கு. நாலு அடி ஊன்றி நடக்க ஏலாது, முழங்காலைச் சரி பாதி மடக்க ஏலாது, முழங்கால் சில்லை மட்டும் அழுத்தினால் நோகிறது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு முண்டை அழுத்தினால் நோகிறது, அல்லது வயது 55 தாண்டியவர். இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை. இந்தக் கட்டத்தில் முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுப் போட விடாதீர்கள். கட்டுப் போட்ட பிறகு கால் விரல் விறைத்தாலோ நீலமாகினாலோ வழியில் வாகனத்தை நிற்பாட்டியாவது கட்டை வெட்டுங்கள்.

விளையாடும் பொடியன்கள் என்றால் எலும்பு டொக்டரிடம் நேராகவே போகலாம். பந்துக்குத் திரும்பும்போது முழங்காலுக்குள் 'டக்' என்று கேட்டு, இரண்டொரு மணித்தியாலத்துக்குள் பலூன் மாதிரி வீங்கினால் உள்ளே இரத்தம். முன் சவ்வு அறுந்திருக்கக்கூடும். அடுத்த நாள்தான் வீங்கியது, இடையிடையே கால் நிமிராமல் பூட்டிக்கொள்கிறது என்றால் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் பஞ்சணை கிழிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இரண்டும் தெரியாது. 'எக்ஸ்ரே நல்லம்' என்று சொன்னதை நம்பி ஒரு வருடம் நொண்டி நொண்டி விளையாடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சரி, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. மெல்ல மெல்ல வந்த நோவு. உங்கள் அம்மாவுடையது இந்த வகை. இதில் நான் முதலில் கேட்கும் கேள்வி எங்கே நோகிறது என்பது இல்லை. காலையில் கட்டிலால் இறங்கியதும் மூட்டு விறைப்பாக இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு நேரம்?

ஐந்து பத்து நிமிடம், குசினிக்கும் முற்றத்துக்கும் நாலு தரம் நடந்தால் இளகிவிடும், பிறகு நடக்க நடக்கத்தான் நோ, இருந்தால் சுகம். வயதும் 45 தாண்டிவிட்டது. இது தேய்வு நோவு. இப்படி இருந்தால் எக்ஸ்ரேகூட இல்லாமல் கதையைக் கேட்டும் காலைப் பார்த்துமே ஓபிடி டொக்டர் சொல்லிவிடலாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக விறைப்பு, நடந்தால் குறைகிறது, இருந்தால் கூடுகிறது, இரண்டு முழங்காலும், கூடவே கை விரல் மூட்டுகளும் வீக்கம் என்றால் அது வேறு வருத்தம். ஒருமுறை பாய் இழைக்கும் ஒரு அக்கா முழங்காலுக்கு என்று என்னிடம் வந்தார். தேய்வு என்று சொல்லி ஏழு மாதம் நோக் குளிசை. நான் முழங்காலைத் தொட முதல் அவர் கையைப் பார்த்தேன். மோதிர விரலில் வெள்ளையாக ஒரு தடம், மோதிரம் இல்லை. கேட்டதற்கு, வீங்கி இறுகுகிறது, சவுக்காரம் போட்டுக் கழற்றினேன் என்றார். காலையில் சுடுதண்ணிப் போத்தலின் மூடியைத் திறக்க மகளைக் கூப்பிட வேண்டும், பத்து மணி போலத்தான் கை வசத்துக்கு வரும். முழங்கால் தேய்வு விரலில் மோதிரத்தை இறுக்காது. அது முடக்குவாதம், பெயரில் வாதம் இருந்தாலும் பக்கவாதம் இல்லை, மூட்டுகளைத் தாக்கும் வருத்தம். வாதநோய் நிபுணர் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம், பிந்தினால் கோணியது கோணியதுதான். ஏழு மாதம் அந்த அக்காவுக்குச் சும்மா போய்விட்டது.

ஒரு இரவில் திடீரென்று, போர்வை பட்டாலே துடிக்கிற மாதிரி, முழங்காலிலோ கால் பெருவிரலிலோ வந்தால் யூரிக் அமிலம். இதற்குப் பொது வைத்திய நிபுணரோ வாதநோய் நிபுணரோ போதும். ஒரு எச்சரிக்கை: நோ உச்சத்தில் இருக்கும்போது எடுத்த இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாகவே காட்டக்கூடும், அதை வைத்து 'இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. அடங்கி இரண்டு கிழமைக்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். காய்ச்சலோடு வந்து, காய்ச்சல் போன பிறகும் மாதக் கணக்கில் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தால் சிக்குன்குனியாவை மறக்க வேண்டாம். 2006 கடைசியில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அது அடித்தபோது, கூனிக் குறுகி நடந்தவர்களை நாங்கள் எல்லோரும் கண்டோம்தானே.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மண்டூரில் இருந்து ஒரு வேளாண்மைக்காரர், பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் படகில், ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருவார். இடது முழங்காலுக்கு மூன்று எக்ஸ்ரே, மூன்றும் நல்லம். முழங்காலை மடக்கினேன், நிமிர்த்தினேன், அழுத்தினேன், மனிசன் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு காலை மடித்து இடுப்பில் இருந்து மெல்ல உட்பக்கமாகத் திருப்பினேன். சிரிப்பு நின்றது. 'ஐயோ, அங்கதான் ஐயா' என்று முழங்காலைப் பிடித்தார். நான் திருப்பியது இடுப்பை, அவர் பிடித்தது முழங்காலை. வருத்தம் இடுப்பு மூட்டில், நோ முழங்காலில். இடுப்பு எக்ஸ்ரே எடுத்த பிறகு அவர் போனது எலும்பு டொக்டரிடம். வளரும் பிள்ளை நொண்டிக்கொண்டு முழங்கால் நோகுது என்றாலும் இதே நினைவு வேண்டும். பிள்ளைகளின் இடுப்பு எலும்புப் பிரச்சினை முழங்கால் நோவாகத்தான் வேடம் போடும். நோ நாரியில், அதாவது கீழ் முதுகில், இருந்து தொடை வழியாக எரிந்துகொண்டு வந்து, விறைப்பும் இருந்தால் அது முதுகெலும்பு. அந்த இடத்தில் மட்டும் பக்கத்து வீட்டு மாமி சொன்ன 'நரம்பு' கொஞ்சம் சரி.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். 61 வயது, படி இறங்கினால் நோ, குந்தி எழும்பினால் நோ, ஒரு பக்கம். பெரும்பாலும் தேய்வு. அதில் உகந்தையில் இருந்து காட்டுக்குள்ளால் நாள் கணக்கில் மணலிலும் கல்லிலும் நடந்தது கிளறிவிட்டிருக்கிறது. யாத்திரை கெடுத்துவிட்டது என்று அம்மாவை ஏச வேண்டாம். நேர்ந்து போனவரிடம் அப்படிச் சொன்னால் அடுத்த முறை நோவையே சொல்ல மாட்டார்.

தேய்வு என்றதும் எங்கள் ஆட்கள் செய்யும் முதல் பிழை நடையை நிற்பாட்டுவது. தேங்காய் துருவியின் பல் மாதிரி, பாவித்தால் இன்னும் தேயும் என்று நினைப்பு. மூட்டு அப்படி இல்லை. தொடைத் தசை மெலிந்தால் முழுப் பாரமும் மூட்டில் இறங்கும். ஆகவே தேய்வுக்கு முதல் மருந்து பயிற்சி, குளிசை இரண்டாவது. ஓபிடி டொக்டரிடம் 'பிசியோதெரபிக்கு ஒரு துண்டு தாருங்கள்' என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் மறந்துபோகும். துண்டு கிடைக்கும் வரை இதைச் செய்யலாம்: கட்டிலில் காலை நீட்டி இருந்து, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, முழங்காலால் துவாயை ஐந்து வரை எண்ணி அமத்தி விட வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. பார்க்கச் சின்ன விசயம்தான், ஆனால் ஆறு கிழமை விடாமல் செய்தவர்களில் பலர் என்னிடம் திரும்பி வரவில்லை.

உடம்பு கொஞ்சம் பாரம் என்றால், ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கும் சுமை நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். சோறு அரைவாசி என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவார், தெரியும். இரவுச் சோற்றில் இருந்து தொடங்குங்கள். அதோடு நீங்கள் அனுப்பும் காசில் முதலாவதாக ஒரு கொமட் போடுங்கள். குந்தும் கக்கூஸ்தான் தேய்ந்த முழங்காலின் முதல் எதிரி. தொழுகைக்கும் பூசைக்கும் கதிரையில் இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மருந்து விசயத்தில் ஒரே ஒரு கட்டளை. டைக்ளோபெனாக் மாதிரி நோக் குளிசையை ஃபாமசியில் அம்மா தானாக வாங்கக் கூடாது. சீனியும் பிரஷரும் இருக்கும் ஆளுக்கு அது சிறுநீரகத்தில் கை வைக்கும். அதே மருந்தின் பூசும் ஜெல் முழங்காலுக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆபத்தும் மிகக் குறைவு, அதை டொக்டரிடம் கேட்கலாம். பரியாரியின் எண்ணெயா? வீக்கம், சூடு இல்லாவிட்டால் தடவட்டும், சுகமாக இருக்கும், எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பெயர் எழுதாத குளிசையோ தூளோ கொடுத்து, இரண்டு நாளில் நோ பறந்துபோனால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்ட் கலந்த மருந்து அப்படித்தான் வேலை செய்யும். முகம் ஊதும், சீனி ஏறும்.

முழங்காலுக்குள் போடும் ஸ்டீராய்ட் ஊசி வேறு. அது நிபுணர் பார்த்துப் போடுவது, சில கிழமை சுகம் தரும், அம்மாவுக்குச் சில நாள் சீனி கூடும். ஆனால் திரும்பத் திரும்பப் போடுவது நல்லதில்லை. இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டவர்களையும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வந்தது. நோவில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அப்படியானால் எலும்பு டொக்டர் எப்போது? மூன்று நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், எடை குறைத்தும், இரவு நித்திரை போகிறது, வாசல் கேற்று வரை நடக்க ஏலவில்லை, கால் வில் மாதிரி வளைகிறது என்ற நிலை வந்தால். அப்போது மூட்டு மாற்றுவதைப் பற்றிக் கதைக்கலாம். பயப்பட ஒன்றும் இல்லை, முழுமையாக மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு 82 அளவில் 25 வருடம் தாக்குப் பிடிக்கின்றன என்று 2019இல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எம்ஆர்ஐ ஸ்கேனைக் கையில் பிடித்துக்கொண்டு 'பஞ்சணை கிழிந்திருக்கு, ஒப்பரேஷன்' என்று அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை ஸ்கேன் பண்ணி 2008இல் வெளியிட்டார்கள். பஞ்சணை கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு அதற்கு முந்திய மாதத்தில் முழங்கால் நோவே இருக்கவில்லை. இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், நின்றுகொண்டு எடுக்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி உண்மையை விட நன்றாகத் தெரியும்.

கொழும்புக்குக் கொண்டு போவதா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் முழங்காலை மடித்து வைத்திருப்பதே அவருக்கு ஒரு தண்டனை. ஓபிடி டொக்டருக்கு மேலே நிபுணர் தேவை என்று பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அல்லது கல்முனைப் பக்கம் வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று துண்டோடு அனுப்புவார்கள். எந்த நிபுணர் எங்கே, எந்தக் கிழமையில் கிளினிக் என்பது இடமாற்றத்தில் மாறிக்கொண்டே இருக்கும், ஓபிடியில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அம்பாறை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. நோவை விபரமாகச் சொன்னால்தானே வைத்தியம். தனியாரில் சனல் பண்ணுவதென்றால் துண்டு தேவையில்லை, ஆனால் காசு கட்ட முன் பெயருக்குப் பின்னால் எந்தத் துறை என்று போட்டிருக்கிறது என்பதையும், இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்பதையும் பாருங்கள்.

போகும் அன்றைக்கு அம்மா முழங்காலுக்கு மேலே இலகுவாகத் தூக்கக்கூடிய உடுப்பாக உடுக்கட்டும். கிளினிக் கொப்பியும், எடுக்கும் எல்லாக் குளிசையும், பரியாரியுடையது உட்பட, ஒரு பையில் போகட்டும். தம்பி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் டொக்டர் முன்னால் விட வேண்டாம். நடக்க முடிந்தவரை நடந்தே உள்ளே போகட்டும், அந்த ஆறேழு அடியிலேயே டொக்டருக்குப் பாதி விசயம் விளங்கிவிடும்.

அதற்கு முன்னால் இன்றிரவு அம்மாவுக்குக் கோல் எடுக்கும்போது காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 'கனநேரம்' என்றுதான் சொல்வார், விட வேண்டாம், தேத்தண்ணி ஊற்றி முடிக்க முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். முந்தி என்றால் மேலே சொன்னபடி செய்யலாம். பிந்தி, அதோடு கை விரலும் வீக்கம் என்றால், துவாயை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஓபிடியில் வாதநோய்க் கிளினிக்குக்குத் துண்டு கேட்கச் சொல்லுங்கள்.